வண்டியில் தனி பியூஸ் பெட்டி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இரவுப்பயணி:
மூன்று வாரமாகிறது, அந்த வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. பனி விளக்கு, கேமரா, போன் சார்ஜர், காற்றடிக்கும் பம்பு என்று வாங்க வாங்க எல்லாவற்றையும் பேட்டரியின் பாசிட்டிவ் போல்ட்டிலேயே மாட்டியிருந்தேன். ஒவ்வொரு வயரிலும் ஒரு பியூஸ் கூடு தொங்கியது, அது போதும் என்று நம்பினேன். மழையில், ஆளரவமற்ற சாலையில் டயர் இறங்கியது. பம்பை ஓட்டிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், பிளாஸ்டிக் கருகும் வாடை. பானெட்டைத் தூக்கினால், பம்பு வயரின் பியூஸ் கூடு மெழுகாக உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டிக் கிடந்தது. கத்தியால் கீறி உள்ளே இருந்ததை எடுத்தேன். மஞ்சள் நிற 20 ஆம்பியர் பியூஸ். அதன் கம்பி அறுபடவே இல்லை!

கூடு உருகும் அளவுக்குச் சூடேறியும் பியூஸ் ஏன் போகவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இப்போது 6 இடமுள்ள பியூஸ் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டேன், பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த வயர்தான் போகிறது. ஆனாலும் பம்பை ஓட்டும்போதெல்லாம் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

விடியல்:
என் பெட்டியில் எதுவும் உருகவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். பெட்டிக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம், அதில் கேமரா. நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அவரை உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பினேன். டக். மறுபடியும் டக். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை.

கேமரா இழுப்பது 0.3 ஆம்பியர்தான். ஆனால் நான்கு நாளுக்கு ஏறக்குறைய 29 ஆம்பியர்-மணி ஆகிறது. என் பேட்டரியே 45. அடுத்த நாளே ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் ஒன்றை வைத்தேன். சாவி போட்டால் மட்டுமே பெட்டிக்கு உயிர் வரும்.

செம்புக்கம்பி:
இரவுப்பயணி, பியூஸ்மேல் குற்றம் சொல்லாதீர்கள். அது பார்ப்பது தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை மட்டுமே. உங்கள் பம்பு 15 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் பியூஸுக்கு அது சாதாரணம். ஆனால் கூட்டின் பித்தளைத் தகடு பியூஸின் காலை இறுகப் பிடிக்காமல், அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகியிருந்தால், அங்கே மட்டும் 22 வாட்டுக்கு மேல் வெப்பம். சிறிய சால்டரிங் இரும்பின் சூடு அது. பிளாஸ்டிக் என்ன செய்யும், பாவம்.

என் கதை சின்னது. வண்டி நின்றிருந்தது, சாவி என் பையில். டேஷ்போர்டுக்கு அடியில் புகை. பெட்டிக்குப் போகும் தடித்த வயரின் இன்சுலேஷன் கொதிக்கும் பால்போல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஸ்பேனரைத் தேடியெடுத்து நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவதற்குள் என் கை நடுங்கிய நடுக்கம்! இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைத்திருந்தேன். தகட்டின் விளிம்பு மாதக்கணக்கில் அறுத்திருக்கிறது. பெட்டிக்குள் ஆறு பியூஸ் இருந்தும் ஒன்றுகூட உதவவில்லை, ஷார்ட் ஆனது பெட்டிக்கு முன்னால்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். பேட்டரி போல்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பிரதான பியூஸ் கட்டாயம் வேண்டும். அதன் அளவை முடிவு செய்வது வயர். வயர் தாங்குவதைவிட அது குறைவாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பியூஸ்களுக்கும் இதே கணக்குதான். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று 10 ஆம்பியர் சிவப்பை எடுத்துவிட்டு 15 ஆம்பியர் நீலத்தைப் போடாதீர்கள். 10 ஆம்பியருக்கு என்று இழுத்த மெல்லிய வயரில் 15 ஓடினால் அடுத்து உருகப்போவது வயர்தான். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 15 ஆம்பியர் பியூஸும் அதைத் தாங்கும் வயரும் போடுங்கள். சரியாக 10 போட்டால் வண்டி ஓடும்போது மின்னழுத்தம் ஏறி, பியூஸ் விளிம்பிலேயே நின்றுகொண்டிருக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரை வாங்காதீர்கள், அதே தடிமனில் அதற்குத் தடை அதிகம். வயர் முனையில் மாட்டும் உலோக முனையை நன்றாக அழுத்தி நசுக்கிக் கிரிம்ப் செய்து, கையால் இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது கிரிம்ப் இல்லை. எர்த் வயர்கள், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வயர்கள், எல்லாவற்றையும் பேட்டரியின் நெகட்டிவிலேயே மாட்டிவிடுங்கள், சிக்கலே வராது.

மெல்லோட்டம்:
செம்புக்கம்பி ஐயா, கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. அந்த வரியை நம்பித்தான் நான் இரண்டு மாதம் அலைந்தேன். இப்போது வரும் பல வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. நேராக டெர்மினலில் எர்த்தை மாட்டினால் அந்த மின்னோட்டம் சென்சாரைத் தாண்டிப் போய்விடும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்ற வண்டியின் கணக்கே தப்பாகிவிடும். சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும் வசதி என் வண்டியில் அடியோடு நின்றுபோனது. எர்த்தைப் பாடியின் போல்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் திரும்பி வந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் மாட்டினேன்.

செம்புக்கம்பி:
என் வண்டி பழையது, அதில் சென்சார் கிடையாது. பழைய வண்டிக்கு நான் சொன்னது பொருந்தும். சென்சார் உள்ள வண்டிக்கு நீங்கள் சொல்வதே சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

விடியல்:
எர்த் பற்றி எனக்கும் ஒரு கேள்வி. ஹார்ன் அடித்தால் பின்பக்கக் கேமராவின் படம் துடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே போல்ட்டில்தான் எர்த். அதையும் சுரண்டிப் பார்க்க வேண்டுமா?

மெல்லோட்டம்:
முதலில் அதைச் செய்யுங்கள். பிறகும் துடித்தால் கேமராவுக்குத் தனி போல்ட் கொடுங்கள்.

இரவுப்பயணி:
செம்புக்கம்பி ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை பெட்டியின் மூடியைக் கழற்றி, வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஐந்து அசையவில்லை. ஆறாவது, பம்பு வயர், இரண்டு விரலால் இழுத்ததற்கே உருவிக்கொண்டு வந்தது. முனையில் ஏழெட்டு இழைகள் கறுத்திருந்தன. கறுத்ததை வெட்டிவிட்டு, புது முனை போட்டு அழுத்தியிருக்கிறேன். பிரதான பியூஸை இன்று மாலை மாட்டப் போகிறேன். அதுவரை பம்பைத் தொடமாட்டேன்.