ராத்திரி 11.30 ஆகியும் தூங்காத பையன், சளி சிரப் கொடுக்கலாமா?

வேலூர்அம்மா: பையனுக்கு நாலு வயது, எல்கேஜி. ராத்திரி 11.30க்கு முன்னால் கண்ணை மூடுவதே இல்லை. ஒன்பதரைக்கு அவன் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வருவார், வண்டிச் சத்தம் கேட்டதுமே இவன் வாசலுக்கு ஓடிவிடுவான், அப்புறம் யானை சவாரி, போனில் கார்ட்டூன் என்று நேரம் போய்விடும். காலை ஏழு மணிக்கு எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போகிறது. ஸ்கூல் விட்டு வந்து ஒரு மணிக்குப் படுத்தால் 4.30 வரை அசைய மாட்டான். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டில் சளி சிரப் கொஞ்சம் கொடு, தானா தூங்குவான் என்கிறார்கள். கொடுக்கலாமா?

மருந்துக்கடைக்காரன்: தயவுசெய்து வேண்டாம் சகோதரி. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், சரி, ஆனால் சளியே இல்லாத பிள்ளைக்குத் தூங்க வைக்க அது எதற்கு? சில பிள்ளைகள் அதைக் குடித்தால் தூங்காமல் இன்னும் ஆட்டம்தான் போடும்.

இரட்டைப்பிள்ளை அப்பா: கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி ஏழரை மணி நேரம், மதியம் மூன்றரை, ஆக 11. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் அளவு. பையன் தேவையான அளவு தூங்குகிறான், தூங்கும் நேரம்தான் இடம் மாறிக் கிடக்கிறது. மதியம் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள், அழுதால் அழட்டும், முகம் கழுவி வெயில் தாழ்ந்ததும் வெளியே விடுங்கள். காலை ஏழு மணி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணிதான், அதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக ஒன்பதுக்கு இழுக்காமல் கால் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவாருங்கள்.

வேலூர்அம்மா: கணக்கு புரிகிறது அண்ணா. ஆனால் அவருக்குப் பிள்ளையைப் பார்க்கக் கிடைப்பதே அந்த நேரம்தான், அதையும் எப்படிப் பிடுங்குவது?

கும்பகோணம்_கீதா: பிடுங்க வேண்டாம். யானை சவாரியைக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி டியூப்லைட்டை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக் கதை சொல்லட்டும். பையனுக்கு எட்டு மணிக்குள் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? தினமும் குறட்டை உண்டா? மூச்சு நின்று நின்று வருகிறதா? இருந்தால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையின் வீக்கமாக இருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வேலூர்அம்மா: குறட்டை இல்லை அக்கா, சளி பிடித்தால் மட்டும் கொஞ்சம் வரும். காலைச் சவாரிக்கு அவர் சரி என்றுவிட்டார். போனைத்தான் விட மனசில்லை, பையனுக்கு இல்லை, இவருக்கு.