வீட்டு ஐக்கியம்: பிரெஸ்பிட்டேரியன் சபைக்கு இன்னொரு கூட்டம் தேவையா?

கேள்வி
எங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையில் (மூப்பர்கள் நிர்வகிக்கும் கிறிஸ்தவ சபை) 60 குடும்பங்கள். ஞாயிறு ஆராதனை, வாரநடு ஜெபக்கூட்டம் ரெண்டும் நடக்குது. இப்போ தெருவாரியா வீட்டு ஐக்கியம், அதாவது வீடுகளில் கூடும் சிறு ஜெபக்குழு, ஆரம்பிக்கலாம்னு மூப்பர்கள் (சபையாரைக் கவனிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) பேசுறாங்க. "இன்னொரு கூட்டமா?"ன்னு சிலருக்கு அலுப்பு. உண்மையில் என்ன பிரயோஜனம்? எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 1
பிரதர், கூட்டக் கணக்கில் ஒன்றைக் கூட்டத்தான் என்றால் வேண்டாம். இருநூறு பேர் நடுவில் ஒருவர் மூன்று வாரம் வராவிட்டாலும் தெரியாது. எட்டுப் பேர் உட்காரும் அறையில் ஒரு நாற்காலி காலியானால் அன்றைக்கே தெரியும். அதைக் கவனிப்பதுதானே மூப்பரின் வேலை! அப்போஸ்தலர் 20-இல் பவுல் "வீடுகள்தோறும்" உபதேசித்ததை நினைவூட்டியது எபேசுவின் மூப்பர்களுக்குத்தான். பிரெஸ்பிட்டேரியன் சபை வேரூன்றிய ஸ்காட்லாந்தில், மூப்பருக்கு அவர் கவனிக்கவேண்டிய வீடுகள் அடங்கிய ஒரு வட்டாரம் இருப்பது பழைய வழக்கம். திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) முன் வீடுவீடாகப் போய் அதற்கான அட்டை கொடுப்பார். அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நகர்ந்தால் அது தபால்காரர் வேலை.

ஆகவே குழுவின் எல்லையும் மூப்பரின் வட்டாரமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு குழுவுக்கு 7, 8 வீடு, பாதிப்பேர்தான் வருவார்கள். பழகியவர்களாகப் பார்த்துச் சேர்த்தால் தனியாக இருப்பவரும் புதிதாக வந்தவரும் விடுபட்டுப்போவார்கள்.

மறுமொழி 2
அலுப்பை விடுங்கள், இப்படி வீடுகளில் கூடுவதைப் பற்றிய பயம்தான் பழசு. 1647-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை ஏற்ற குடும்ப ஆராதனை ஒழுங்கு, பல குடும்பங்கள் ஒன்றுகூடுவதையே ஊக்குவிக்கவில்லை. குடும்ப ஜெபம் குறையும், போதகரின் ஊழியம் பாதிக்கும், சபை பிளவுபடும் என்ற கவலை. மூன்றும் இன்றும் நடக்கக்கூடியவை.

கடிவாளம் இதுதான்: திருவிருந்தும் ஞானஸ்நானமும் குழுவில் கிடையாது. காணிக்கையும் வேண்டாம். பாடம், ஞாயிறு பிரசங்கப் பகுதியே. மூன்று கேள்வி போதும். நடத்துபவர் மூப்பர் இல்லையென்றால் செஷன் (போதகரும் மூப்பர்களும் சேர்ந்த ஆளுகைக் குழு) நியமித்தவராக இருக்கவேண்டும், மாதம் ஒருமுறை மூப்பரிடம் நிலவரம் சொல்லவேண்டும். இந்தக் கண்ணி அறுந்தால், ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பது குழுவுக்குத் தெரியும், போதகருக்குத் தெரியாது.

மறுமொழி 3
நேரத்தையும் சொல்லிடுறேன்: மொத்தம் 75 நிமிஷம். பாட்டு 10, வசனம் 30, ஜெபம் 25, மீதி பேச்சு. வசனம் இழுத்தால் ஜெபம்தான் அடிபடும். எனவே மணி பார்க்க வேறொருவரை வையுங்கள்.

பெரிய ஓட்டை, ஜெப விண்ணப்பம். "அந்த வீட்டுக்காக ஜெபிங்க, விஷயம் தெரியுமே..." என்று தொடங்கினால் அது புறணி. தன் காரியத்தை மட்டும் சொல்லலாம். அடுத்தவர் காரியம் என்றால் அவர் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

உபசரிப்பு குடிக்க ஒன்றோடு நிற்கட்டும். ஒரு வீட்டில் பலகாரம் கூடினால் அடுத்த வீட்டார் தங்கள் முறையைத் தள்ளிப்போடுவார்கள்.

கேட்டவர்
நன்றி. மூப்பர்கள் ஏழு பேர், அதில் ஒருவருக்கு நடமாட்டம் இல்லை. எட்டுக் குழு எப்படி?

மறுமொழி 1
ஆறு போதும், குழுவுக்குப் பத்து வீடு. நடமாட முடியாத மூப்பர் வீட்டிலேயே ஒரு குழு கூடட்டும்.