இன்ஸ்டாக்ஸில் ரோட்டோரப் படங்கள்: வெயிலில் எல்லாம் வெளுத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

தேரடிக்காரன்:
எடுத்ததுமே படம் அச்சாகி வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ் மினி 12 கேமரா வைத்திருக்கிறேன். கோயில் கோபுரம், அருவி எல்லாம் எடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள், எனக்குத் தினமும் போகிற வழியில் கண்ணில் படுவதைத்தான் எடுக்க ஆசை. பங்க்சர் கடை வாசலில் தொங்கும் டயர், இஸ்திரி வண்டி, ‘இங்கு வண்டி நிறுத்தாதே’ என்று கையால் எழுதிய சுவர், இப்படி. மதியத்தில் எடுத்தால் சுவரும் வானமும் மொத்தமாக வெளுத்துவிடுகிறது, டீக்கடைக்குள் நிற்கிற மாஸ்டர் மட்டும் கரிக்கட்டை. ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாய் பக்கம் ஆகிறது, சும்மா எடுத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை. ஃபிலிமில் கோளாறா, கேமராவே இப்படித்தானா? இதே மாதிரி உடனடிப் படம் தரும் போலராய்டுக்கு மாறலாமா?

நிழல்குடை:
கோளாறு எதுவும் இல்லை, கணக்கே அப்படி. அந்த ஃபிலிம் ஐஎஸ்ஓ 800, அதாவது குறைந்த வெளிச்சமே போதும். நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக எஃப்/16-ல் வைத்தாலே ஷட்டர் 1/800 நொடியில் மூட வேண்டும். உங்கள் கேமராவின் லென்ஸ் எஃப்/12.7, துவாரம் அதைவிடப் பெரியது, மாற்ற வழியில்லை, ஷட்டரும் 1/250-ஐத் தாண்டாது. ஆக இரண்டு ஸ்டாப்புக்கு மேலேயே (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதலாக விழுகிறது, அப்புறம் வெளுக்காமல் என்ன செய்யும்? வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி மாதிரியான என்டி8 ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மட்டும் ஒட்டுங்கள். வெளிச்சத்தை அளக்கிற சென்சாரை மறைத்துவிடக் கூடாது, மறைத்தால் கேமரா இருட்டு என்று நினைத்து ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும், ஃபில்டர் போட்டதே வீண். நிழலுக்குப் போனதும் கழற்றிவிடுங்கள்.

மாஸ்டர் விஷயம் வேறு. ஃபிளாஷை அணைக்க முடியாது, ஆனால் அது எட்டுவது இரண்டு மீட்டர் சொச்சம்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு பயனும் இல்லை, கடைக்குள்ளேயே போய் நில்லுங்கள். பாய்லருக்கு நேராக வேண்டாம், கொஞ்சம் சாய்வாக, இல்லாவிட்டால் ஃபிளாஷ் அதிலேயே பளீரென்று அடிக்கும்.

மஞ்சப்பை:
ஃபில்டர் சரிதான், ஆனால் அதற்குச் செலவு செய்வதற்கு முன் காலை ஆறரைக்கு ஒரு முறை போய்ப் பாருங்களேன். இன்னொன்று, படத்தின் அளவே 62க்கு 46 மில்லிமீட்டர். தெரு முழுவதையும் அதில் திணித்தால் எதுவும் தேறாது. இஸ்திரி வண்டி வேண்டாம், கரி போட்ட அந்தப் பெட்டியும் பிடித்திருக்கிற கையும் போதும். கேட்டுவிட்டு எடுங்கள், முதல் படத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள், இரண்டாவதுக்கு அவரே நின்று கொடுப்பார்.

எஸ்எக்ஸ் எழுபது:
போலராய்டா, நம்ம ஊர் வெயிலுக்கு யோசித்து வாங்குங்கள் ப்ரோ. அந்த ஃபிலிமுக்குச் சொல்லப்பட்ட சூடு 13 முதல் 28 டிகிரி வரை. சித்திரையில் 28 டிகிரி ஏசி ரூமுக்குள்தான் கிடைக்கும். சூட்டில் படம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாயும். வெளியே வந்ததும் வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், ரோட்டில் நின்றுகொண்டு அது ஒரு ரோதனை.

ஆனாலும் அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1973-ல், எழுபது வயதை நெருங்கும்போது, போலராய்டின் எஸ்எக்ஸ்-70 கேமராவோடு அமெரிக்க ரோட்டோரப் போர்டுகளையும் அம்புக்குறிகளையும் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் சுவர் எழுத்து ஆசைதான் அவருக்கும். அவருக்கு ஃபிலிமைக் கம்பெனியே கொடுத்தது, அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லை.

தேரடிக்காரன்:
முதலில் காலை வெளிச்சம், அப்புறம் என்டி8. போலராய்டு மார்கழி வரைக்கும் தள்ளிவைப்பு. மாஸ்டரிடம் நாளைக்கே கேட்கிறேன்.