2006 ஃபால் சீசன்: நீங்க நம்பி உக்காந்த சீரியல் எத்தனை வாரம் ஓடுச்சு?

டல்லாஸ்காரன்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், "அண்ணா, இந்த ஃபால்ல என்ன சீரிஸ் பாக்கலாம்?"னு கேட்டான். அவன் கேட்டது ஓடிடில வர்ற லிஸ்ட்டை. எனக்கு ஞாபகம் வந்தது 2006 ஃபால், அமெரிக்க சேனல்ல எல்லாம் புது சீரியல் இறங்கற இலையுதிர் காலம். என் அனுபவத்தை முதல்ல கொட்டிடறேன், அப்புறம் நீங்க வாங்க.

அப்ப டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல மூணு பேர் ஒரே அபார்ட்மென்ட். நான், ஒரு மதுரைக்காரன், ஒரு குண்டூர்க்காரன். பேருதான் இலையுதிர் காலம். செப்டம்பர்ல டல்லாஸ்ல இலையும் உதிராது, வெயிலும் இறங்காது. ஏசியைப் போட்டுக்கிட்டு, டிவி கைடோட ஃபால் ப்ரிவ்யூ இதழை நடுவுல விரிச்சு வெச்சு, பாக்கப்போற சீரியலுக்கு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால வட்டம் போட்டோம். டெக்சாஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு சௌகரியம், நியூயார்க்ல எட்டு மணிக்கு ஆரம்பிக்கிற பிரைம் டைம் நமக்கு ஏழு மணிக்கே வந்துடும். பத்து மணிக்கெல்லாம் பாத்திரம் கழுவிட்டுப் படுத்துடலாம். (கீழே நான் சொல்ற நேரமெல்லாம் கிழக்குக் கணக்கு.)

ஊர்ல இருந்து புதுசா வந்தவனுக்கு இந்த ஊர் சீரியல் கணக்கு புரியவே ஒரு வருஷம் ஆகும். அப்பல்லாம் மே மாசம் நியூயார்க்ல விளம்பரம் கொடுக்கிறவங்களைக் கூப்பிட்டு வெச்சு சேனல்காரங்க புது லிஸ்ட்டை அறிவிப்பாங்க. புது சீரியலுக்கு வழக்கமா 13 எபிசோட் ஆர்டர். எத்தனை பேர் பாக்கறாங்கங்கிற நம்பர் நல்லா வந்தா இன்னும் 9, ஆக மொத்தம் 22. அந்த ஒன்பது கிடைக்காம செத்ததுதான் அதிகம். அம்மாகிட்ட ஃபோன்ல இதைச் சொன்னப்ப, "பதிமூணு நாள்ல என்னடா கதை சொல்லுவான்?"னு கேட்டாங்க. அவங்க பாத்துட்டிருந்தது கோலங்கள். 2003ல ஆரம்பிச்சது, அப்ப மூணாவது வருஷம்.

நான் வட்டம் போட்டதுல முதல் ஆளு ‘ஸ்மித்’. சிபிஎஸ்ல செவ்வாய் ராத்திரி பத்து மணி. ரே லியோட்டா திருடன், வெளியில பாத்தா சாதாரணக் குடும்பஸ்தன். முதல் எபிசோட் சினிமா மாதிரி இருந்துச்சு. மூணு வாரம் பாத்தேன். நாலாவது செவ்வாய் தயிர் சாதத்தையும் மாவடுவையும் எடுத்துக்கிட்டு உக்காந்தா வேற என்னவோ ஓடுது. சேனல் மாறிடுச்சோன்னு ரிமோட்டைத் தட்டிப் பாத்தேன். மதுரைக்காரன் உள்ள இருந்து, "தூக்கிட்டாய்ங்கப்பா, நெட்ல போட்டிருக்கான்"னு கத்தினான். சரி, போகட்டும். நவம்பர்ல அதே இடத்துல ‘3 எல்பிஎஸ்’னு ஒரு மூளை ஆபரேஷன் கதை போட்டாங்க. நடிகர் ஸ்டான்லி டூச்சி இருக்காரேன்னு மறுபடி உக்காந்தேன். அதுவும் மூணே வாரம்.

அந்த வருஷம் இன்னொரு கூத்து. ‘24’, ‘லாஸ்ட்’ ரெண்டும் ஓடின ஓட்டத்தைப் பாத்துட்டு எல்லா சேனலும் தொடர்கதைக்குத் தாவிட்டாங்க. ஃபாக்ஸ்ல ‘வேனிஷ்ட்’, செனட்டர் மனைவியைக் காணோம். என்பிசியில ‘கிட்நாப்ட்’, பணக்கார வீட்டுப் பையனைக் காணோம். ரெண்டுலயும் ஆளு கிடைக்கிறதுக்குள்ள சீரியல் காணாமப் போச்சு. கிட்நாப்ட் அஞ்சு எபிசோட் வரைக்கும் தாங்குச்சு. ஏபிசியில ‘தி நைன்’: பேங்க் கொள்ளையில மாட்டின ஒன்பது பேர், 52 மணி நேரம் உள்ள. அந்த 52 மணி நேரத்துல என்ன நடந்துச்சுன்னு வாரம் கொஞ்சம் கொஞ்சமா காட்டுவாங்க. ஏழு வாரத்தோட மூட்டை கட்டிட்டாங்க. மிச்சத்தை அப்புறம் எங்கயோ விட்டாங்களாம், நான் தேடிப் போகலை. ரோஷம்.

ஆனா நான் நிஜமா மனசைக் கொடுத்தது ‘ஸ்டூடியோ 60’க்கு. ஆரன் சார்க்கின் எழுதினது, மாத்யூ பெர்ரி நடிச்சது, வேற என்ன வேணும்? சனிக்கிழமை ராத்திரி காமெடி நிகழ்ச்சி ஒண்ணு, அதுக்குப் பின்னாடி நடக்கிற அடிதடிதான் கதை. வசனம் பட்டாசு மாதிரி. ஒரே ஒரு குறை, அந்த நிகழ்ச்சியோட காமெடியைக் காட்டும்போது சிரிப்பே வரலை. திரையில எல்லாரும் ‘ஆஹா என்னா எழுத்து’ன்னு மெய்சிலிர்ப்பாங்க, நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்குவோம். இருந்தாலும் அந்த டிசம்பர்ல நியூ ஆர்லியன்ஸ் இசைக்காரங்க வந்து, புயல்ல நாசமான அவங்க ஊர்ப் படங்கள் பின்னாடி ஓட ஓட வாசிச்சாங்களே, அந்த அஞ்சு நிமிஷத்துக்காக எல்லாத்தையும் மன்னிச்சேன்.

அதே என்பிசி, அதே வருஷம், அதே மாதிரி காமெடி நிகழ்ச்சிக்குப் பின்னாடி நடக்கிற கதையை அரைமணி நேர சீரியலாவும் இறக்குச்சு: ‘30 ராக்’. "ரெண்டுல ஒண்ணுதான் பொழைக்கும், நம்மளோடதுதான் பொழைக்கும்"னு குண்டூர்க்காரன்கிட்ட இருபது டாலர் பந்தயம் கட்டினேன். ஸ்டூடியோ 60 ஒரே சீசன்ல, 22 எபிசோடோட முடிஞ்சது. 30 ராக் ஏழு சீசன், 2013 வரைக்கும். 2007ல இருந்து மூணு வருஷம் தொடர்ந்து சிறந்த காமெடிக்கான எம்மி டிவி விருது வேற. இருபது டாலர் போனதை விட, அந்த ஏழு வருஷமும் எம்மி ராத்திரிக்கு அவன்கிட்ட இருந்து வந்த மெசேஜ்தான் வலிச்சது.

---

வெயிட்டிங் லிஸ்ட்

30 ராக் ஆரம்பிச்ச அதே புதன்கிழமை என்பிசியில ‘ட்வென்டி குட் இயர்ஸ்’னு ஒண்ணு வந்துச்சு, யாருக்காவது ஞாபகம் இருக்கா? பேருல இருபது வருஷம். ஓடினது நாலு வாரம்.

---

எடிசன் அக்கா

தம்பி, நீங்க எல்லாரும் சும்மா உக்காந்து அழுதீங்க. நாங்க கடலை போட்டு ஒரு சீரியலைக் காப்பாத்தினோம்.

‘ஜெரிக்கோ’. சிபிஎஸ், புதன் எட்டு மணி. கான்சஸ்ல ஒரு சின்ன ஊரு, தூரத்துல அணுகுண்டு வெடிச்ச புகை தெரியுது, அதுக்கப்புறம் கரண்ட் இல்ல, செய்தி இல்ல. எங்க வீட்டுக்காரர் அதைப் பாத்துட்டு பேஸ்மென்ட்ல இருபது கிலோ பொன்னி அரிசி வாங்கி அடுக்கினாரு, அது தனிக் கதை. 2007 மே மாசம் கதையை அந்தரத்துல விட்டுட்டு சீரியலை ரத்து பண்ணிட்டாங்க. கடைசி எபிசோட்ல பக்கத்து ஊர்க்காரன் சரணடையச் சொல்றப்ப ஹீரோ ஒரே வார்த்தையில பதில் சொல்லுவான்: ‘நட்ஸ்’, ‘போடா’ங்கிற மாதிரி. ரெண்டாம் உலகப்போர்ல பாஸ்டோன்ல ஜெர்மன்காரங்க சரணடையச் சொன்னப்ப அமெரிக்க ஜெனரல் மெக்காலிஃப் சொன்ன அதே பதில். ரசிகருங்க அதைப் புடிச்சுக்கிட்டு சிபிஎஸ் ஆபீசுக்கு நிஜமாவே நட்ஸ் அனுப்ப ஆரம்பிச்சாங்க.

எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு பருப்புக் கடைதான் ஆர்டர் வாங்கி அனுப்பிட்டிருந்தது. நானும் கிரெடிட் கார்டை எடுத்தேன். "என்னடி, முந்திரியா அனுப்புற?"ன்னு அவர் பதறினாரு. முந்திரி எல்லாம் நம்ம பாயசத்துக்கு, அவனுங்களுக்கு வேர்க்கடலை போதும்னேன். மொத்தம் இருபது டன் கிட்ட சேர்ந்துச்சு. ஜூன் மாசம் சிபிஎஸ் இறங்கி வந்து ஏழு எபிசோட் கொடுத்துச்சு. 2008 பிப்ரவரியில வந்தது, மார்ச்ல முடிஞ்சது. ஏழும் அவசரமாத்தான் இருந்துச்சு, ஒரு சீசனுக்கான கதையைப் பொட்டலம் கட்டின மாதிரி. ஆனா முடிவுன்னு ஒண்ணு கிடைச்சதுல்ல? என் பங்கு ரெண்டு கிலோ அதுல இருக்கு.

---

சன்னிவேல் சாம்பார்

‘ஹீரோஸ்’ பத்தி யாரும் பேசாம நகர முடியாது. செப்டம்பர் 25, திங்கள் ஒன்பது மணி. ஏழு பேர் எங்க ஹாலில் உட்கார்ந்திருந்தோம். திரையில் ‘மெட்ராஸ், இந்தியா’ என்று எழுத்து வந்ததும் ஹாலே எழுந்து நின்றது. ஊர் பேர் மாறிப் பத்து வருஷம் ஆகியிருந்தது, அது வேற விஷயம். வகுப்பறையில் கரப்பான்பூச்சியைப் பற்றி ஒரு பேராசிரியர் பாடம் எடுக்கிறார். நம்மூர் மரபணு ஆராய்ச்சியாளர். பெருமையாகக் காத்திருக்கிறோம், பேர் என்னவென்று. மொஹிந்தர் சுரேஷ்.

ஹாலில் ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் ஒருத்தன் சொன்னான், "அப்பா சுரேஷ் மயிலாப்பூர், அம்மா லூதியானா போல." மெட்ராஸ்காரனுக்கு மொஹிந்தர் என்று பெயர் வைக்க ஒரு எழுத்தாளர் அறையில் எத்தனை பேர் தலையாட்டியிருக்க வேண்டும்? நடித்த செந்தில் ராமமூர்த்திக்கே இதைவிடப் பொருத்தமான பேர் சொந்தமாக இருந்தது! அவர் சிகாகோவில் பிறந்தவர், பேசியது பாதி இங்கிலாந்து உச்சரிப்பு. ஆனாலும் வாரம் தவறாமல் பார்த்தோம். அமெரிக்க சேனலில் பிரைம் டைமில் நம்ம முகம் ஒன்று, கடைக்காரனாக இல்லாமல், கதைக்குக் குரல் கொடுப்பவனாக வருவது அப்போது சாதாரணம் இல்லை. அப்பாவைக் கொன்றவனைத் தேடி நியூயார்க் வந்து, அப்பா ஓட்டிய டாக்சியையே ஓட்டுவார். பேராசிரியரையும் கடைசியில் டாக்சியில்தான் உட்கார வைத்தார்கள் என்று ஒரு நண்பர் புலம்பினார். சரியான புலம்பல்தான்.

எங்களுக்கு இன்னொரு தொல்லை. நாங்கள் இருந்த மேற்குக் கரையில் மூணு மணி நேரம் தள்ளித்தான் வரும். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சினன் எங்களுக்கு ஏழு மணி ஆனதும் ஃபோன் பண்ணி, "மாமா, இன்னைக்கு யார் மண்டையைப் போட்டது தெரியுமா?" என்பான். திங்கள்கிழமை ஃபோனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவேன்.

முதல் சீசன் மாதிரி ஒரு வருஷம் இனி வராது. ரெண்டாவது சீசன் சொதப்பல். கதை மெதுவாகப் போனதை சீரியலை உருவாக்கிய டிம் கிரிங்கே பேட்டியில் ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் ஸ்ட்ரைக் வேறு வந்து 11 எபிசோடில் நின்றது. நாலு சீசன் இழுத்து 2010ல் முடித்தார்கள். நாங்கள் ஏழு பேரில் கடைசிவரை பார்த்தது நான் ஒருத்தன். எதற்குப் பார்த்தேன் என்று இன்றுவரை மனைவி கேட்கிறாள்.

---

ஹெச்4 காலத்து ஆள்

நான் அந்த ஆகஸ்ட்டில்தான் கல்யாணமாகி மினியாபொலிஸ் வந்தேன். வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தரும் ஹெச்4 விசாவில் அப்போது வேலைக்குப் போக முடியாது, இங்கே எங்கு போனாலும் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் கிடையாது. பகல் முழுக்க வீட்டில் நான், டிவி, ஹீட்டர் சத்தம்.

வியாழன் எட்டு மணிக்கு ஏபிசியில் ‘அக்லி பெட்டி’. முதல் எபிசோடிலேயே கதை எனக்குத் தெரிந்துவிட்டது. பல்லில் கம்பி, பெரிய கண்ணாடி, பேஷன் ஆபீசில் வேலை. டெல்லியில் படிக்கும்போது ஹாஸ்டலில் ‘ஜஸ்ஸி’ இந்தி சீரியல் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் வேர் கொலம்பியாவில் வந்த ஒரே சீரியல். அதனால் பெட்டி என்ன ஆவாள் என்று எனக்குக் கவலை இல்லை. என் கவனம் எல்லாம் அவளுடைய அப்பா மேல்தான். க்வீன்ஸில் ஒரு வீடு, அப்பா எந்நேரமும் அடுப்படியில். இன்ஷூரன்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டே போவார். கடைசியில் பார்த்தால் அவர் பயன்படுத்தி வந்த சோஷியல் செக்யூரிட்டி நம்பரே அவருடையது இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது கையில் பாதி உரித்த வெங்காயம். எனக்கு விசா எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனாலும் லைப்ரரி கார்டு வாங்கப் போனால்கூட ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு கவுன்ட்டரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். பெட்டியாக நடித்த அமெரிக்கா ஃபெரேராவுக்கு அடுத்த வருஷம் எம்மி கிடைத்தபோது நான் தனியாகக் கைதட்டினேன்.

---

டல்லாஸ்காரன்

எல்லாரும் சொன்னதைப் படிச்சதும் நான் மறைச்ச ஒண்ணைச் சொல்லியாகணும். அந்த ஃபால் ப்ரிவ்யூ இதழ்ல ஒரு சீரியல் மேல நான் பெருக்கல் குறி போட்டேன். ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’. டெக்சாஸ், ஸ்கூல் பசங்க, அமெரிக்கன் ஃபுட்பால். எனக்கு அந்த ஆட்டத்துல பந்து எங்க இருக்குன்னே தெரியாது. போதாததுக்கு வெள்ளிக்கிழமையானா எங்க பால்கனிக்கு எதிர்ல இருந்த ஹைஸ்கூல் மைதானத்துல விளக்கைப் போட்டு, பேண்டு அடிச்சு, பத்து மணி வரைக்கும் தூங்க விடமாட்டாங்க. அதையே செவ்வாய்க்கிழமையும் டிவில பாக்கணுமா?

2007 நவம்பர்ல ஸ்ட்ரைக் வந்து எல்லா சீரியலும் நின்னு போச்சு. முதல் சீசன் டிவிடியை, பிடிக்கலைன்னா பணம் வாபஸ்னு வித்தாங்க. வாபஸ் வாங்கலாம்கிற நம்பிக்கையிலதான் வாங்கினேன். முதல் எபிசோட்லயே நட்சத்திர ஆட்டக்காரன் அடிபட்டு எழுந்திரிக்கவே முடியாமப் போறான். பதிலுக்கு இறங்கினவன் மாட் சாராசன், வாயைத் திறந்தா திக்கும் திணறும் பையன். அப்பா ராணுவத்துல ஈராக்குக்குப் போயிட்டாரு, வீட்ல ஞாபகம் தப்பிப்போன பாட்டியை இவன்தான் பாத்துக்கிறான். மாத்திரை கொடுத்து, சமாதானம் பண்ணிட்டு மைதானத்துக்கு ஓடுவான். மூணு நாள்ல 22 எபிசோடையும் முடிச்சேன். அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் மதுரைக்காரனும் டிக்கெட் வாங்கிக்கிட்டு எதிர் மைதானத்துக்கே போயி உக்காந்தோம். பந்து எங்க இருக்குன்னு அப்பவும் தெரியலை.

நம்பர் எப்பவுமே சுமார்தான். ஆனா மூணாவது சீசன்ல இருந்து டைரக்ட்டிவிங்கிற டிஷ் கம்பெனியும் என்பிசியும் செலவைப் பங்கு போட்டு, மொத்தம் அஞ்சு சீசன் ஓட்டிட்டாங்க. அதுக்காகவே நான் டிஷ் போட்டேன்.

2009 டிசம்பர்ல கோலங்கள் முடிஞ்சது, 1533 எபிசோட். அந்த வாரம் அம்மா ஃபோன் பண்ணாங்க. "ஒன்பது மணியானா என்ன பண்றதுன்னே தெரியலைடா"ன்னாங்க. கொஞ்ச நேரம் அபியைப் பத்தியும் ஆதியைப் பத்தியும் பேசினோம். அப்புறம் கேட்டாங்க:

"உன்னோட அந்தப் பந்து சீரியல் இன்னும் ஓடுதா?"

"ஓடுதும்மா, நாலாவது சீசன்."

"அந்தப் பையனோட பாட்டி எப்படி இருக்காங்க?"

"இருக்காங்கம்மா."