புதுப்பிப்பு: ஜன்னல் வெளுக்காம ஆசாரத்தை (வீட்டுக் கூடத்தை) ஃபோட்டோ எடுத்தாச்சுங்க

கோபி பக்கம் சித்தப்பாவோட தொட்டிக்கட்டு வீட்டை (நடுவுல முற்றம் வெச்ச வீடு) ஃபோட்டோ எடுக்கறப்ப ஜன்னல் வெளுக்குது, இல்லைன்னா உள்ளே இருட்டுன்னு கேட்டிருந்தேனுங்க. சரியாயிருச்சு.

மேகம் மூடின காலை. கேமரா ட்ரைபாடுல, லென்ஸ் திறப்பு எஃப் 8, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 400. ஜன்னல் வழியா தென்னந்தோப்பு தெளியற வரைக்கும் ஷட்டர் வேகத்தை ஏத்தினேன்; 1/160 செகண்டுல நின்னுது. சிங்க் வேகத்தை (ஃபிளாஷோட ஒத்துப்போற அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டாத வரை ஷட்டர் வெளி வெளிச்சத்தைத்தான் குறைக்கும், ஃபிளாஷைத் தொடாது. உள்ளுக்கு வேண்டிய வெளிச்சம் ஃபிளாஷ் பவர்ல.

ஃபிளாஷை மேலே கூரையில பட்டுத் திரும்பற மாதிரி அடிங்கன்னு பலர் சொன்னீங்க. இங்க மேலே தேக்குப் பலகை, படமே பழுப்பாயிரும். முதுகுப்பக்கச் சுண்ணாம்புச் சுவத்துல அடிச்சேன், வெளிச்சம் பூவாட்டம் பரவுச்சு. குண்டு பல்பை அணைச்சுட்டேன்; அந்த மஞ்சள் ஃபிளாஷோட ஒட்டாது. “கரண்டு போயிருச்சா?”ன்னார் சித்தப்பா.

ரெட் ஆக்சைடு தரையோட சிவப்பு மட்டும் சுவத்தடியில ஏறுது. அங்க மட்டும் லைட்ரூம்ங்கற ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல சிவப்பைக் குறைச்சுட்டிருக்கேன்.