எம்பஃப் பூல்: சிறியதாக வைத்தால் தீர்ந்துவிடுகிறது, பெரிதாக்கினால் வேகம் குறைகிறது

கேள்வி

வணக்கம். டிபிடிகே (கர்னலைத் தாண்டி நெட்வொர்க் பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் லைப்ரரி) வைத்து ஒரு பாக்கெட் ஃபில்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு 10ஜி போர்ட். ஒரு கோர் பாக்கெட்டை வாங்கும், மூன்று கோர்கள் விதிகளைப் பார்க்கும், ஐந்தாவது கோர் அனுப்பும். நடுவில் நான்கு ரிங்குகள் (கோர்களுக்கு இடையே பாக்கெட்டைக் கைமாற்றும் வரிசைகள்), தலா 1024. இரண்டு போர்ட்டுகளுக்கும் ஆர்எக்ஸ் (வாங்கும்), டிஎக்ஸ் (அனுப்பும்) டிஸ்கிரிப்டர்களும், அதாவது கார்டின் வரிசையில் ஒரு பாக்கெட்டுக்கான இடங்களும், தலா 1024. பூலில் 8191 எம்பஃப் (பாக்கெட்டை வைக்கும் பஃபர்), கோருக்கு 250 கேஷ் (கோர் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் எம்பஃப்கள்). இந்த எண்களை டிபிடிகேயோடு வரும் ஸ்கெலிட்டன் உதாரணத்திலிருந்து எடுத்தேன்.

ட்ராஃபிக் கூடும்போதெல்லாம் ஆர்எக்ஸ்_நோஎம்பஃப் (வாங்கும்போது எம்பஃப் கிடைக்காமல் போன எண்ணிக்கை) ஏறுகிறது. பூலை 262143 ஆக்கினேன். அது நின்றுவிட்டது, ஆனால் 64 பைட் பாக்கெட்டில் வேகம் குறைந்து இப்போது ஐமிஸ்டு (கோர் எடுக்கத் தாமதித்ததால் கார்டு தவறவிட்ட பாக்கெட் எண்ணிக்கை) ஏறுகிறது. நினைவகத்தை அதிகம் கொடுத்தால் ஏன் மெதுவாக வேண்டும்? பூலுக்குள்ளேயும் ஒரு ரிங்தான் இருக்கிறது, அதை விட்டு ஸ்டாக் வகைப் பூலுக்குப் போகலாமா? மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மறுமொழி 1

முதலில் ஒன்று. அந்த உதாரணத்தில் 8191-ஐப் போர்ட் எண்ணிக்கையால் பெருக்கித்தான் பூலை உருவாக்குவார்கள். அந்தப் பெருக்கலை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எம்பஃப்கள் எங்கெங்கே தங்கும் என்று ஒரு காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். ஆர்எக்ஸ், டிஎக்ஸ் டிஸ்கிரிப்டர்கள் எல்லாம் நிரம்பினால் 4096. நடு ரிங்குகளில் 4096. கேஷ் 250 என்று சொன்னாலும், நான் பயன்படுத்திய பதிப்புகளில் ஒன்றரை மடங்கு வரை சேர்ந்த பிறகுதான் பூலுக்குத் திரும்பும். அப்படியென்றால் ஐந்து கோர்களில் 1875. மொத்தம் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. 8191 போதவே போதாது. 16383 வையுங்கள்.

அடுத்தது வேகம். உங்கள் அமைப்பில் வாங்குகிற கோர் எடுத்துக்கொண்டே இருக்கிறது, அனுப்புகிற கோர் விடுவித்துக்கொண்டே இருக்கிறது. முதல் கோரின் கேஷ் எப்போதும் காலி, கடைசிக் கோரின் கேஷ் எப்போதும் நிறைவு. எல்லாம் பூலின் பொது ரிங் வழியாகத்தான் சுற்றியாக வேண்டும். ரிங்கில் முதலில் போனதுதான் முதலில் வரும். அதனால் பூலில் இருக்கும் ஒவ்வொரு எம்பஃப்பையும் வரிசையாகத் தொட்டுவிட்டுத்தான் பழையதற்குத் திரும்புவீர்கள். ஒரு சின்ன பாக்கெட்டுக்கு எம்பஃப் தலைப்பு 128 பைட், தரவு 64 பைட், ஆக 192 பைட்டைத் தொடுகிறோம். 262143 எம்பஃப் என்றால் அது 50 எம்பி, பல சிபியூக்களின் எல்3-க்குள் (சிபியூவிலேயே இருக்கும் வேகமான நினைவகம்) அடங்காது. 16383 என்றால் 3 எம்பி சொச்சம்தான். 10ஜியில் 64 பைட் பாக்கெட் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோசெகண்ட். ஒரே ஒரு முறை மெயின் மெமரிக்குப் போய்வந்தாலே அது போய்விடும்.

ஸ்டாக் இதற்கு நேர்மாறு. டீக்கடையில் கழுவிய கிளாஸை மேலே அடுக்கி, மேலிருந்தே எடுப்பார்கள் அல்லவா, அடியில் இருப்பதற்கு வேலையே வராது. அதுபோல இப்போது விடுவித்த சூடான எம்பஃப்தான் அடுத்து வரும். அதில் ஒரு லாக் உண்டு, ஆனால் உங்களுக்கு மோதுவது பெரும்பாலும் இரண்டு கோர்கள்தான், அதுவும் மொத்தமாக அள்ளும்போது மட்டும். தாராளமாக முயன்று பாருங்கள். பூல் உருவாக்கும் ஃபங்ஷனில் 'பை_ஆப்ஸ்' என்று முடிவதை எடுத்து, பெயருக்கு 'ஸ்டாக்' என்று கொடுத்தால் போதும்.

மறுமொழி 2

இப்படிக் கோர் கோராகக் கைமாற்றும் பைப்லைனே வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஆர்எஸ்எஸ் (பாக்கெட்டுகளைக் கார்டே பல க்யூக்களுக்குப் பிரித்துத் தரும் வசதி) வைத்து ஐந்து கோர்களுக்கும் தனித்தனி க்யூ கொடுத்து, வாங்கிய கோரே அனுப்பினால், எடுப்பதும் விடுவிப்பதும் அந்தக் கோரின் கேஷிலேயே முடிந்துவிடும். பிறகு ரிங்கா ஸ்டாக்கா என்ற கேள்வியே பெரிதாக வராது. பூல் எந்த சிபியூ சாக்கெட்டின் நினைவகத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கார்டு இருக்கும் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும்.

மறுமொழி 3

பூலை மாற்றும் முன் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ட்ராஃபிக்கை நிறுத்திவிட்டு எத்தனை எம்பஃப் வெளியே இருக்கிறது என்று அச்சிடுங்கள். ஆர்எக்ஸ் டிஸ்கிரிப்டர்களுக்காக 2048, டிஎக்ஸ் பக்கம் இன்னும் விடுவிக்காமல் கொஞ்சம் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அது கூடிக்கொண்டே போனால் எங்கோ விடுவிக்க மறந்திருக்கிறீர்கள். நான் இப்படி ஒரு கசிவைப் பெரிய பூலால் மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பெருக்கலை விட்டது உண்மைதான். 16383 வைத்து ஸ்டாக்கிற்கு மாற்றியதும் நோஎம்பஃப், ஐமிஸ்டு இரண்டுமே நின்றன. ஆனால் ட்ராஃபிக்கை நிறுத்திப் பார்த்தால் கசிவும் இருந்தது! நடு ரிங் நிரம்பும்போது பர்ஸ்ட் என்கியூ (ரிங்கில் மொத்தமாகப் போடும் ஃபங்ஷன்) 32-க்குப் பதில் 20 மட்டும் ஏற்றுக்கொண்டு அந்த எண்ணைத் திருப்பித் தருகிறது. மிச்சம் 12-ஐ நான் விடுவிக்கவே இல்லை. திரும்பி வரும் எண்ணை நான் பார்க்கவே இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன லூப் போட்டு மிச்சத்தை விடுவித்தேன். ஒரு மணி நேரம் ஓட்டி, மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். எண் இப்போது கூடவில்லை.

பைப்லைனைக் கலைப்பது பெரிய வேலை. ஒரு விதி இரண்டு திசை பாக்கெட்டையும் ஒரே கோரில் பார்க்க வேண்டும், அதனால் ஆர்எஸ்எஸ் கீயை அதற்கேற்ப அமைத்த பிறகே முடியும். அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.