ஹைலேண்டர் பி0420: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வீட்டிலேயே மாத்தலாமா?

ஃபிரிஸ்கோ அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2010 டொயோட்டா ஹைலேண்டர், வி6, 1,48,000 மைல். செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0420, அதாவது புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைங்கிற கோடு. கடையில "கன்வெர்ட்டர் போச்சு, 2,400 டாலர் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் ரெஜிஸ்ட்ரேஷன் முடியுது. டெக்சாஸ்ல 2025லேருந்து சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் கிடையாதுன்னாலும் எங்க காலின் கவுண்ட்டில எமிஷன் (புகை) டெஸ்ட் இருக்கு. லைட் எரிஞ்சா ஃபெயில்.

பானட்டைத் திறந்தா ரேடியேட்டருக்குப் பின்னாலேயே ஒரு கன்வெர்ட்டர் தெரியுது. ஆன்லைன்ல 300 டாலருக்குள்ள கிடைக்குது. பிரேக் பேட் எல்லாம் நானே மாத்தியிருக்கேன். சனி, ஞாயிறுல முடிச்சிடலாமா?

ஸ்பானர் மாமா:
தம்பி, ஆர்டர் போட்டுடாதீங்க. வி6ல சிலிண்டர் மூணு மூணா ரெண்டு வரிசை, ஒவ்வொரு வரிசையும் ஒரு பேங்க், ஒவ்வொண்ணுக்கும் தனிக் கன்வெர்ட்டர். நீங்க பார்த்தது பேங்க் 2. அது கெட்டா பி0430 வரும். உங்க கோடு பேங்க் 1, இந்த எஞ்சின்ல அது பின்னாடி, எஞ்சினையும் நாம உட்கார்ற இடத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் பக்கம், 1, 3, 5 சிலிண்டர் வரிசை. மேலேருந்து எட்டிப் பார்த்தா அது கண்ணுக்கே படாது. நல்லா இருந்ததைக் கழட்டிப் புதுசு போட்டுட்டு, லைட் ஏன் அணையலைன்னு முழிச்ச ஆளுங்களை எனக்குத் தெரியும்.

முன்சக்கர டிரைவா, நாலு சக்கரமா? இதுக்கு முன்னாடி மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாத) கோடு எதாவது வந்துச்சா? கன்வெர்ட்டர் தானா சாகிறது குறைவு, எதாவது ஒண்ணு அதைக் கொன்னிருக்கும்.

ஃபிரிஸ்கோ அப்பா:
முன்சக்கரம்தான் மாமா. தீபாவளி சமயத்துல பி0303, 3ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர் கோடு வந்து லைட் விட்டுவிட்டு மினுக்குச்சு. ரெண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் கடையில பிளக் மாத்தி, கோடை அழிச்சுக் கொடுத்தாங்க. ஏத்தத்துல இப்பவும் லேசா ஒரு உதறல் இருக்கு.

ஸ்பானர் மாமா:
மினுக்குற லைட்டோட ரெண்டு வாரமா! மினுக்கினா ஓரங்கட்டணும் தம்பி. சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி செராமிக், அதுமேல பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூச்சு. சூடு மிஞ்சிப் போனா உருகி அடைச்சுக்கும்.

பிளக் மாத்தின பில்லைத் தேடி எடுங்க. பின்வரிசைப் பிளக்குக்குக் கை போகணும்னா மேலே இருக்கிற, எஞ்சினுக்குக் காத்து போற பெட்டி, அதான் இன்டேக் பிளீனம், அதைக் கழட்டணும். கழட்டினா புது காஸ்கெட் போட்டிருப்பாங்க. பில்ல இருக்கா?

ஃபிரிஸ்கோ அப்பா:
இப்பதான் பார்த்தேன். பிளக் மூணுதான். காஸ்கெட்டே இல்லை. கூலி மட்டும் ஆறுக்கு வாங்கியிருக்காங்க. வயிறு எரியுது.

ஸ்பானர் மாமா:
முன்னாடி எட்டுற மூணை மாத்திட்டு அனுப்பிட்டாங்க. கோடு சொன்ன 3ஆம் சிலிண்டரோ பின்னாடி இருக்கு. முதல்ல அந்த மூணு பிளக், அதுக்குக் கரண்ட் தர்ற காயில் வேலையை முடிங்க. இல்லேன்னா புதுக் கன்வெர்ட்டரும் ஆறே மாசத்துல அதே கதிதான்.

ஃப்ரீமான்ட் சித்தப்பு:
காசு போடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. எஞ்சின் நல்லா சூடானதும் 2,500 ஆர்பிஎம்ல வச்சு, கன்வெர்ட்டருக்கு அப்புறம் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரோட வோல்ட்டை ஸ்கேனர்ல பாருங்க. 0.6, 0.7ல அசையாம நின்னா கன்வெர்ட்டருக்கு உயிர் இருக்கு. 0.1க்கும் 0.9க்கும் குதிச்சுக்கிட்டே இருந்தா முடிஞ்சுது. முன்னாடி இருக்கிற சென்சாரோட ஒப்பிடாதீங்க, இந்த வண்டியில அது ஏர்-ஃப்யூல் சென்சார், அதோட கணக்கே வேற. பைப் ஜாயின்ட்ல புகை கசிஞ்சாலும் இதே கோடு வரும், அதையும் பாருங்க.

வாங்கறப்ப உங்களுக்கு இபிஏ (மத்திய அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு) தரம் போதும். எங்க கலிஃபோர்னியாவுல கார்ப் (மாநிலக் காற்று வாரியம்) அனுமதி எண் இருக்கணும், இல்லேன்னா ஸ்மாக் செக்ங்கிற எங்க புகை டெஸ்ட் தாண்டாது.

குறுக்குவழி குமரன்:
எதுக்கு இவ்ளோ செலவு ப்ரோ? பின் சென்சாரைப் புகையிலேருந்து கொஞ்சம் தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர் மாட்டுங்க, 20 டாலர். லைட் வராது.

ஸ்பானர் மாமா:
குமரா, அது சட்டப்படி குற்றம். அதோட, உருகி அடைச்சிருந்தா வண்டி மேடு ஏறாது, ஸ்பேசர் அதுக்கு என்ன பண்ணும்?

ஃபிரிஸ்கோ அப்பா, வண்டி ஆறினதும் வேலையை ஆரம்பிங்க. முந்தின ராத்திரியே எல்லா நட்டுலயும் துரு இளக்கும் ஆயில் அடிச்சு ஊற விடுங்க. சென்சாரைக் கழட்ட 22 எம்.எம். சாக்கெட், ஒயர் போக வெட்டு விட்டது. சில பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் கட்டினா இரவல் தருவாங்க. நீள எக்ஸ்டென்ஷனும் வளையிற ஜாயின்ட்டும் இல்லாம அந்தப் பக்கம் கை வைக்காதீங்க. காஸ்கெட், நட்டு ரெண்டும் புதுசு. சென்சார் முனையில எண்ணெய் பட விடாதீங்க. ஜாக்கை நம்பிக் கீழே படுக்கவே கூடாது, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்குக் கட்டை.

ஃபிரிஸ்கோ அப்பா (மூணு வாரம் கழிச்சு):
பிளீனத்தைத் தூக்கினா பின்வரிசையில மூணும் கம்பெனியில வந்த அதே பிளக். 3ஆம் காயிலோட ரப்பர் பிளந்திருந்துச்சு. மூணு பிளக், ஒரு காயில் மாத்தினதும் உதறல் நின்னுடுச்சு. ஆனா பின் சென்சார் குதிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு, அதனால கன்வெர்ட்டரும் வாங்கினேன். ரெண்டு நாள்னு நினைச்சது நாலு நாள் ஆச்சு. ஹீட் ஷீல்டு போல்ட் ஒண்ணு உடைஞ்சுது, கையில ரெண்டு இடத்துல தோல் போச்சு. பழசை ஆட்டினா உள்ளே கலகலன்னு சத்தம். இப்போ வோல்ட் 0.7ல நிக்குது. ஆனா ஸ்கேனர்ல கேட்டலிஸ்ட் மானிட்டர் "ரெடி இல்லை"ன்னு வருது.

ஸ்பானர் மாமா:
மானிட்டர்ங்கிறது வண்டி தன்னைத்தானே சோதிச்சுப் பார்க்கிறது, கோடை அழிச்சதால அப்படித்தான் காட்டும். திரும்ப அழிக்காதீங்க, பேட்டரியையும் கழட்டாதீங்க, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். ஹைவேல ஒரே வேகத்துல ஓட்டுங்க, சில நாள் பிடிக்கும்.

ஃபிரிஸ்கோ அப்பா:
இன்னிக்குக் காலையில ரெடி ஆச்சு மாமா, சாயங்காலம் டெஸ்ட்டும் பாஸ். அந்தப் பில்லை எடுத்துக்கிட்டு சனிக்கிழமை கடைக்குப் போறேன்.